இரண்டு பக்கமும் நாரை

1

போன வாரம் எனக்கு ஒரு பொதி வந்திருப்பதாகத் தபால் நிலையத்திலிருந்து சீட்டு வந்தது. போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் "மிஸ்யூ சுப்பையா?" என்று கேட்டாள். தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

சுப்பையா என் அப்பா. திண்டுக்கல்லில் அவர் காலமாகி இருபது வருடம் ஆகிறது. மான்ட்ரியாலில் பதினோரு வருடமாக அவர் பேரில்தான் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். ஊரில் அப்பா என் பேருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நின்றார். இங்கே விமானத்தை விட்டு இறங்கிய அன்றைக்கே ஒரு அதிகாரி அதைத் திருப்பிப் போட்டுவிட்டார். இப்போது ராமநாதன்தான் ஒற்றை எழுத்து. முதலில் கோபமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. யாராவது கடுமையாக "சுப்பையா" என்று கூப்பிட்டால் மட்டும், அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறானே என்று ஒரு கணம் சுருக்கென்று இருக்கும்.

வந்தது ஒரு நீளமான அட்டைக்குழாய். உள்ளே என்ன இருக்கும் என்று முகவரியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான்கு வருடத்துக்கு முன்னால் நானே மை போட்டு வரைந்த படம். எட்மண்ட் தோர்ஸ்கம் என்ற கிழவரின் வம்சாவளி. அவர் இந்தக் குளிர்காலத்தில் இறந்துபோனார். அவருடைய அக்கா மகள் அனுப்பியிருந்தாள். அவள் அவருக்கு அக்கா மகள் மட்டும்தான். இதை ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

குழாயை உடனே பிரிக்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்தேன். மரகதம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2

ஊரில் நான் பொறியாளன். பாலங்களுக்குக் கணக்குப் போட்டவன். இங்கே வந்ததும், நீ பொறியாளன் என்று இங்குள்ள சங்கம் ஒப்புக்கொள்ளும் வரை பொறியாளன் இல்லை என்றார்கள். பரீட்சை எழுத வேண்டும், பிரெஞ்சு தெரிய வேண்டும், குடியுரிமை இருந்தால் நல்லது. ஒன்று முடிந்தால்தான் மற்றது நடக்கும் என்று ஒவ்வொரு அலுவலகத்திலும் சொன்னார்கள். எது முதல் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வரைவாளனாகச் சேர்ந்தேன். மற்றவர்கள் போட்ட கணக்கை நான் கோடாக இழுத்தேன்.

அந்த வரைபடக்கூடத்துக்கு ஒரு காலத்தில் தலைவராக இருந்தவர் தோர்ஸ்கம். ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒரு தடவை வந்து மேசை மேசையாக எட்டிப் பார்ப்பார். என் மேசையில் நின்று நான் எழுதியிருந்த எழுத்துகளைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். சனிக்கிழமைகளில் உனக்கு என்ன வேலை என்று கேட்டார்.

அப்படித்தான் இங்கே நடந்த ஒலிம்பிக்ஸுக்கு முந்தின குளிர்காலம் முழுக்க, சனிக்கிழமை தவறாமல் ரயிலேறி சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போனேன். நகரத்தில் ஒரு பக்கம் பெரிய மைதானத்துக்கு இரவும் பகலுமாகப் பாரந்தூக்கி இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. நான் மான்ட்ரியால் தீவின் மேற்கு முனையில், உறைந்த ஏரியைப் பார்த்த ஒரு கல் வீட்டில், அறுநூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன ஆங்கிலேயப் பிரபுக்களுக்கு மனைவி மக்களைக் கோடிழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

தோர்ஸ்கம் குடும்பத்துக்கு இங்கிலாந்தின் தென்மேற்கில் ஒரு கோட்டை இருந்ததாம். கோட்டை போய்விட்டது. ஒரு சிற்றூர்த் தேவாலயத்தில் நாலு கல்லறைகள் மிச்சம். அந்தக் கல்லறைகளின் புகைப்படங்கள், பழைய உயில்களின் நகல்கள், வரி ஏடுகளிலிருந்து எழுதி எடுத்த குறிப்புகள் என்று நாற்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனக்குப் பிறகு அந்தப் பேருக்கு ஆள் இல்லை என்பதால்தான் முன்னால் இருந்தவர்களை இப்படித் துருவினாரோ என்னவோ.

கேடயச் சின்னங்களின் விதிகளை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீலத்தில் மூன்று வெள்ளை நாரை, அது தோர்ஸ்கம் குடும்பம். கல்யாணமானால் கேடயத்தை நெடுக்காக இரண்டாக்கி, நமக்கு இடது கைப்பக்கம் கணவன் வீட்டுச் சின்னம், வலது கைப்பக்கம் மனைவி வீட்டுச் சின்னம். மனைவி வீட்டிலும் அம்மா வழியில் ஒரு சின்னம் வந்திருந்தால் அந்தப் பாதியை மேலும் நாலாக்கிக் கொள்வார்கள். இளைய மகன் வழி என்றால் ஒரு சின்னப் பிறையைச் சேர்த்துவிடுவார்கள். பாலத்தின் குறுக்குவெட்டுப் படத்தைவிட ஒழுங்கான வேலை. ஒரு மனிதன் யார், யாருடைய மகன், யாரைக் கட்டினான், மாமியார் யார் என்பதெல்லாம் ஒரு பலகையில் எழுத்தே இல்லாமல் தெரியும். எனக்குப் பிடித்துப் போயிற்று.

கூலி பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. ஆனால் எனக்கு அவரிடம் ஒரு காரியம் இருந்தது. நானும் மரகதமும் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட வேண்டும். இவர்களை எனக்குத் தெரியும், நல்லவர்கள் என்று மதிப்பான ஒரு குடிமகன் இரண்டு விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். தோர்ஸ்கம் போடுகிறேன் என்றிருந்தார்.

3

இனி மரகதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கிற உங்களுக்கு இதில் ஒன்றுமே இல்லை. உங்கள் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். மரகதம் என் அக்கா மீனாட்சியின் மூத்த மகள்.

அப்பா போன பிறகு அம்மாவும் அக்காவும் முடிவு செய்தார்கள். நான் வேலையிலிருந்து லீவில் வந்தபோது பந்தக்கால் ஊன்றத் தேதி பார்த்தாகிவிட்டது. எனக்கு முப்பது, அவளுக்குப் பதினெட்டு. தாய்மாமன் இருக்கும்போது வெளியில் எதற்கு என்றார்கள். அக்காவுக்குத் தம்பியிடம் உரிமை, தம்பி மறுத்தால் அது அக்காவை அவமதிப்பது. எனக்கு மறுக்கவும் தோன்றவில்லை. மரகதத்துக்குக் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். எனக்குப் பதிமூன்று வயது. ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் என் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள். தழும்பு இன்னும் இருக்கிறது.

கல்யாணத்துக்கு முன்னால் என்னை மாமா என்று கூப்பிட்டாள், பின்னாலும் மாமா என்றே கூப்பிட்டாள். எதுவும் மாறவில்லை.

இங்கே அந்த வார்த்தையைக் கெடுத்தது எங்கள் மகள் உமா. அப்போது பன்னிரண்டு வயது. அவளுடைய பஞ்சாபித் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். அவர்கள் பாஷையிலும் மாமா என்றால் அம்மாவின் தம்பிதான். உன் அம்மா ஏன் உன் அப்பாவை மாமா என்கிறாள் என்று அவள் கேட்டிருக்கிறாள். உமா, அப்படித்தான், அவர் அம்மாவுக்கு நிஜ மாமா என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் அதற்குப் பிறகு வரவே இல்லை. உமா மூன்று நாள் எங்களோடு பேசவில்லை. நாலாம் நாள் தன் அம்மாவிடம், இனிமேல் யார் முன்னாலும் அப்பாவை அப்படிக் கூப்பிடக் கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மரகதம் தமிழில் சரி என்றாள். அன்றோடு நிறுத்திவிட்டாள். யாரும் இல்லாதபோதும்கூட என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்பாள். அவ்வளவுதான்.

எனக்கு வேறு பயம். அலுவலகத்தில் கூட வேலை பார்த்த ஒருவன் பேச்சுவாக்கில், இந்த நாட்டில் தாய்மாமனும் அக்கா மகளும் கல்யாணம் செய்தால் அது கல்யாணமே இல்லை, சட்டம் அப்படி என்றான். வேறு எதையோ பேசும்போது வந்த பேச்சு. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேறு நாட்டில் நடந்த கல்யாணத்துக்கும் அது பொருந்துமா, தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். கல்யாணம் இல்லை என்றால் மரகதம் யார்? எந்த உரிமையில் இங்கே இருக்கிறாள்? உமா யார்?

விண்ணப்பத்தில் ஒரு கட்டம். தாயின் கல்யாணத்துக்கு முந்தின குடும்பப் பேர். என் விண்ணப்பத்தில் தலைப்பிலேயே சுப்பையா. மரகதத்தின் விண்ணப்பத்தில் அவள் அம்மாவுக்கு என்ன எழுதுவது? அக்காவின் அப்பாவும் சுப்பையாதானே. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவனுக்கும் தெரிந்துவிடும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு இரண்டு தாளையும் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன்.

4

பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. தோர்ஸ்கம் ஒரு கல்லறையின் புகைப்படத்தை மேசை மேல் வைத்து, இருபது வருடமாக என்னைக் குடைகிறது என்றார். சர் ரால்ஃப் என்ற மூதாதையின் கல்லறை. அதில் செதுக்கிய கேடயத்தில் கணவன் பக்கம் மூன்று நாரை. சரி. மனைவி பக்கம் நாலு கட்டம். இரண்டில் கதிர்க்கட்டு, அது அவள் அப்பா வீடு. மற்ற இரண்டில் மறுபடி மூன்று நாரை.

கணவன் வீட்டுச் சின்னம் மனைவியின் பக்கம் எப்படி வரும் என்று கேட்டார். கல்தச்சன் தப்பாகச் செதுக்கிவிட்டான் என்று சிலர் எழுதியிருக்கிறார்களாம். அவருக்கு அது பிடிக்கவில்லை.

எனக்குப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. இதில் இருபது வருடம் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது. பென்சிலை எடுத்தேன். ரால்ஃபின் பேரிலிருந்து மேலே போய், அவன் அப்பாவிடமிருந்து பக்கவாட்டில் ஒரு புள்ளிக்கோடு இழுத்து ஒரு பெண்ணைப் போட்டேன். ரால்ஃபின் அக்கா. அவளைக் கதிர்க்கட்டுக்காரனுக்குக் கட்டிக் கொடுத்தேன். அவர்களுக்கு ஒரு மகள். அந்த மகளிலிருந்து கோட்டை வளைத்துக் கொண்டுவந்து ரால்ஃபிடமே சேர்த்தேன். மனைவியின் அம்மாவும் நாரை வீட்டுப் பெண்தான். அதனால்தான் இரண்டு பக்கமும் நாரை. பொருந்திவிட்டது.

வேலை பொருந்தி வரும்போது ஒரு சந்தோஷம் வரும். அந்தச் சந்தோஷத்தில் வாய் தன் பாட்டுக்குப் பேசிவிட்டது. "ரொம்ப சுலபம் சார். அவன் அக்கா மகளைக் கட்டியிருக்கிறான். நான் கட்டின மாதிரி."

தோர்ஸ்கம் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் காலத்தில் நாலு தலைமுறைக்குள் சொந்தம் இருந்தாலே ரோமிலிருந்து போப்பின் அனுமதி வாங்க வேண்டும், அக்கா மகளை எந்தக் கிறிஸ்தவனும் கட்டியிருக்க முடியாது என்று சொன்னார். குரலை உயர்த்தவில்லை. ரால்ஃபைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தது என்னை. அடுத்த சனிக்கிழமை வர வேண்டாம், தான் கடிதம் போடுவதாகச் சொல்லி என் குளிர் அங்கியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

ரயிலில் திரும்பும்போது, நான் என்ன செய்துவிட்டேன் என்று கூட எனக்கு ஒழுங்காக விளங்கவில்லை. ஒரு நாரை இரண்டு பக்கம் இருந்ததைச் சொன்னேன். அதற்காக என் குடும்பத்தையே தூக்கி மேசையில் வைத்துவிட்டேன்.

5

கடிதம் வரவில்லை. மார்ச் முழுக்க வரவில்லை. அலுவலகத்தில் தொலைபேசி அடித்தால் எனக்குத்தான் என்று தோன்றும். மரகதத்திடம் சொல்லவில்லை.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சிவலிங்கம் அண்ணையிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காளர். புரோசார்டில் வீடு வாங்கியிருந்தார். இந்த ஊரில் தமிழில் பேச எனக்கு அப்போது இருந்த ஒரே பெரிய மனிதர். தமிழர்தானே, இவருக்கு இது ஒரு விஷயமாக இருக்காது, வெள்ளைக்காரனுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று மட்டும் யோசனை சொல்வார் என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தம்பி, நான் பிழையா விளங்கிக்கொண்டனோ தெரியாது. சொந்த மருமகளையோ கட்டினனீங்கள்?"

அவர்கள் பேச்சில் மருமகள் என்றால் அக்கா மகள். ஆமாம் என்றேன்.

"எங்கட பக்கத்திலை மச்சாளைக் கட்டலாம். மருமகள் எண்டால் தூக்கி வளர்த்த பிள்ளையெல்லோ."

அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அண்ணை உடனே பேச்சை மாற்றினார். பனி எப்போது உருகும் என்று கதைத்தார். போகும்போது வாசல் வரை வந்து, நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன், பயப்படாதையுங்கோ என்றார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. வெள்ளைக்காரன் முகம் சுளித்ததை நான் அவனுடைய அறியாமை என்று எழுதிவிட முடியும். இவர் என் பாஷை பேசுகிறவர், என் கோயிலில் கும்பிடுகிறவர். அத்தை மகள் சரி, அக்கா மகள் தப்பு என்பதற்கு அவர் என்ன காரணம் வைத்திருக்கிறார்? அக்கா மகள் சரி என்பதற்கு நான்தான் என்ன காரணம் வைத்திருக்கிறேன்? ஊரில் எல்லோரும் செய்தார்கள் என்பதைத் தவிர? பாலத்துக்கு என்றால் ஒரு கணக்குக் காட்டியிருப்பேன்.

அன்று மெட்ரோவில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

6

ஏப்ரலில் கடிதம் வந்தது. வரவும், விண்ணப்பத் தாள்களையும் கொண்டு வரவும் என்று இரண்டு வரி. இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு போனேன்.

தோர்ஸ்கம் உற்சாகமாக இருந்தார். நான் சொன்னது தப்பு என்று கண்டுபிடித்துவிட்டார். விதி எளிது. ஒரு பெண் தன் பிறந்த வீட்டுச் சின்னத்தைத் தன் பிள்ளைகளுக்குக் கொண்டு போக வேண்டும் என்றால், அவளுக்குச் சகோதரன் இருக்கக் கூடாது. சகோதரன் இருந்தால் எல்லாம் அவனுக்கு. ரால்ஃபுக்கு ஒரு அக்கா இருந்திருந்தால், ரால்ஃப் உயிரோடு இருக்கிற காரணத்தாலேயே, அவள் நாரையைத் தன் மகளுக்குக் கொடுத்திருக்க முடியாது. ஆக மனைவி பக்கம் இருக்கிற நாரை வேறு ஒரு கிளையிலிருந்து, சகோதரன் இல்லாத ஒரு தூரத்துப் பெண் வழியாக வந்தது. அந்தக் கிளைக்கு உரிய பிறையைத்தான் கல்தச்சன் விட்டுவிட்டான்.

அவர் சொன்னது சரி. நான் அந்த விதியை அறிந்திருந்தும் பார்க்கத் தவறிவிட்டேன். ஏன் தவறினேன் என்பதும் அங்கேயே நின்றபடி புரிந்தது. எங்கள் கணக்கு நேர் தலைகீழ். என் அக்காவுக்குத் தம்பி இருந்ததால்தான் உரிமையே வந்தது. தம்பி இல்லாத பெண்ணிடம் எங்கள் ஊரில், உன் மகளுக்குத் தாய்மாமன் இல்லையே என்று இரக்கப்படுவார்கள். இந்த இங்கிலாந்தில் சகோதரன் இருந்தால் பெண் வெறுங்கையோடு போகிறாள்.

இதை அவரிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார். என் விண்ணப்பத்தை வாசித்து, அழகான எழுத்தில் கையெழுத்துப் போட்டார். மரகதத்தின் தாளை எடுத்தார். காலியாக இருந்த அந்தக் கட்டத்தின் மேல் அவர் விரல் நின்றது. தாளைத் திருப்பி மேசை மேல் வைத்து, பேனாவை மூடினார்.

"உங்களை எனக்குத் தெரியும், சுப்பையா. உங்கள் மனைவியை நான் பார்த்ததே இல்லை."

அது உண்மைதான். அவர் பொய் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து மிச்சக் கோடுகளுக்கு மை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்று வரை புரியவில்லை. எழுந்து வந்திருக்க வேண்டும். கோடு பாதியில் நின்றால் எனக்குக் கை பொறுக்காது, அதுதான் காரணமோ என்னவோ.

7

வீட்டுக்கு வந்து இரண்டு தாளையும் சாப்பாட்டு மேசையில் போட்டேன். ஒன்றில் கையெழுத்து, ஒன்றில் இல்லை. மரகதத்திடம் முழுவதையும் சொன்னேன். சட்டத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் தன் தாளை எடுத்துத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவு நாளா இதுக்குத்தான் சரியா சாப்பிடலையா?" என்றாள்.

மறுநாள் தாளைத் தன்னோடு வேலைக்கு எடுத்துப் போனாள். அவள் அப்போது சட்டை தைக்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அங்கே மேற்பார்வை செய்கிற இத்தாலியப் பெண்மணியிடம் தாளை நீட்டியிருக்கிறாள். அந்த அம்மாள் இவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டாளாம். காலிக் கட்டத்தையும் மரகதமே நிரப்பினாள். பெரிய எழுத்தில் சுப்பையா.

இரண்டு பேரும் சேர்ந்துதான் அலுவலகத்துக்குப் போனோம். கவுன்ட்டரில் ஐம்பது வயதுப் பெண். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அந்தத் தாள்கள் ஒரு நாள் எப்படிக் கிடக்கும் என்று நான் பயந்தேனோ அப்படியே கிடந்தன. அவள் பேனா என் தாளில் சுப்பையாவுக்குக் கீழே நின்றது. பிறகு மரகதத்தின் தாளில் சுப்பையாவுக்குக் கீழே நின்றது.

அந்தப் பெண் நிமிர்ந்து சிரித்தாள். தன் மேசைமேல் இருந்த பேர்ப்பலகையைத் தட்டிக் காட்டினாள். த்ராம்ப்ளே. அப்பாவும் த்ராம்ப்ளே, அம்மாவும் த்ராம்ப்ளே, கட்டினவனும் த்ராம்ப்ளே, எங்கள் ஊரில் கல்லெறிந்தால் ஒரு த்ராம்ப்ளே மேல்தான் விழும் என்றாள். உங்கள் ஊரிலும் சுப்பையா நிறைய போலிருக்கிறது என்றாள்.

மரகதம் அவள் முகத்தை நேராகப் பார்த்து, "வி, மதாம்" என்று பிரெஞ்சிலேயே ஆமாம் போட்டாள்.

இரண்டு முத்திரை. அவ்வளவுதான். அடுத்த வருடம் இரண்டு பேரும் ஒரே நாளில் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டோம். அரசாங்கத்தின் ஏடுகளில் மரகதம் என் மனைவி. இதற்காகவா மூன்று மாதம் தூங்கவில்லை என்று இருந்தது. அந்தப் பெண் புரிந்துகொண்டு சிரித்தாளா, புரியாமல் சிரித்தாளா என்பதும் எனக்குத் தெரியாது. மரகதத்திடம் கேட்டால், அவ கேட்டதுக்கு நான் பதில் சொன்னேன் என்கிறாள்.

தோர்ஸ்கமை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

8

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயைப் பிரித்தேன். உமா நூலகத்துக்குப் போயிருந்தாள். பதினாறு வயதாகிறது, எங்களோடு ஆங்கிலம், தோழிகளோடு பிரெஞ்சு, தமிழ் தொலைபேசியில் அவள் பாட்டியோடு மட்டும். அந்தப் பாட்டி என் அக்கா என்பதை அவள் இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

படத்தை மேசையில் விரித்தால் மறுபடி சுருண்டுகொண்டது. நாலு வருடம் குழாயிலேயே இருந்திருக்கிறது. நான் இரண்டு ஓரத்தையும் கையால் அழுத்திக்கொண்டு நின்றேன். என் கோடுகள் எல்லாம் அப்படியே இருந்தன, கறுப்பாக, சுத்தமாக.

ரால்ஃபுக்குப் பக்கத்தில் மட்டும் வேறு மாதிரி. அவர் கண்டுபிடித்த தூரத்துக் கிளைக்கு அவரே நடுங்கும் கையால் மை போட்டிருந்தார். ஆனால் என் பென்சில் புள்ளிக்கோட்டை அழிக்கவில்லை. மை போட்டு முடித்ததும் பென்சில் கோட்டை ரப்பரால் அழிப்பது வரைபடக்கூடத்தில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். அவர்தான் அந்தக் கூடத்துக்குத் தலைவராக இருந்தவர். அக்காவிலிருந்து மகளுக்கு, மகளிலிருந்து ரால்ஃபுக்கு, நான் இழுத்தது இழுத்தபடி இருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: சுப்பையா வேறு விதமாக நினைக்கிறார்.

மன்னிப்பா, கிண்டலா, ஆராய்ச்சிக்காரரின் நேர்மையா, எனக்குத் தெரியவில்லை. கண் கலங்கியது என்னவோ உண்மை.

மரகதம் அடுப்படியிலிருந்து வந்து ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். எல்லாவற்றையும் விளக்கினேன். நாரை, கதிர்க்கட்டு, புள்ளிக்கோடு, அந்த ஒரு வரி. அவள் ரால்ஃபின் மனைவி இருந்த கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இவ பேரு என்ன?"

"தெரியாது. கல்லறையில இல்ல. பொண்ணுங்க பேரை அப்ப எழுதி வைக்கிறதில்ல."

"பேரே தெரியாது. அவ யாரு பொண்ணுன்னுதான் ரெண்டு பேரும் இத்தனை நாள் மல்லுக்கட்டினீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பதினேழு வருடக் கல்யாணம். மரகதம் என் மனைவிதானா என்று சட்டத்தைக் கேட்டேன், கிழவரைக் கேட்டேன், அண்ணையைக் கேட்டேன், கவுன்ட்டரில் த்ராம்ப்ளே அம்மாளின் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். கேட்காத ஆள் ஒருத்தி பாக்கி.

"மரகதம், நம்ம கல்யாணத்துக்கு உன்னை யாராவது கேட்டாங்களா?"

அவள் விரலைப் படத்திலிருந்து எடுத்தாள். "யாரு கேட்டா? காது குத்தினப்ப வலிக்குதான்னு நீங்க கேட்டீங்களாம். அதுக்குத்தான் கடிச்சேனாம். அம்மா சொல்லுவா."

"இப்ப நான் கேட்டா?"

"என்னன்னு?"

நாற்பத்தேழு வயதில், இரண்டு கையும் ஒரு சுருள் தாளின் மேல் மாட்டிக்கொண்டிருக்க, சொந்த மனைவியிடம் அதை எப்படிக் கேட்பது? எப்படியோ கேட்டேன். என்னைக் கட்டிக்கொள்ள உனக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

மரகதம் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. உள்ளே குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். வாசல்படியில் நின்று என்னைப் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன் மாமா," என்றாள்.

அந்த வார்த்தையை அவள் சொல்லி நாலு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் கையை எடுத்துவிட்டேன் போலிருக்கிறது, படம் பட்டென்று சுருண்டுகொண்டது.

கேட்டு நாலு நாள் ஆகிறது. காலையில் டிபன் கட்டிக் கொடுத்தாள், உமாவோடு சண்டை போட்டாள், அக்காவுக்குக் கடிதம் எழுதினாள். எல்லாம் வழக்கம்போல நடக்கிறது. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.